டீசல் விலையும் உழவுச் செலவும்

கீழ்பென்னாத்தூர் தாலூகா வற்றாத ஆறு பாயும் பூமி அன்று. ஏரியும் கிணறுமே இங்குள்ள குடியானவர்களுக்கு ஆதாரம். ஏரி நிரம்பிய வருஷத்தில் நெல்லும், கிணற்றில் நீர் நிற்குமளவுக்குக் கரும்பும், மானாவாரிக் கொல்லைகளில் மணிலாக்கொட்டையும் பயிராகின்றன. மழை பெய்து நிலம் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்தச் சில நாட்களுக்குள் உழவு முடியாவிட்டால் விதைப்புத் தவறும். விதைப்புத் தவறினால் விளைச்சல் குறையும். ஆகவே, மழை விட்ட மறுநாள் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையிலுள்ள டீசல் நிலையங்களில் டிராக்டர்கள் வரிசையாக நிற்பது இப்பகுதியார் யாவரும் கண்ட காட்சியே.

முற்காலத்தில் உழவுக்கு வேண்டிய சக்தி குடியானவனுடைய நிலத்திலேயே விளைந்தது. வைக்கோலும் மணிலாக்கொடியும் தின்ற மாடுகள் ஏர் இழுத்தன, கவலை இறைத்தன, அறுத்த கதிரைக் களத்திற்குச் சுமந்தன. மாட்டுத் தீனியின் விலையை உள்ளூர் மழை நிர்ணயித்தது. இப்பொழுது உழவும், சேடையும், அறுவடையும், பார வண்டியும் டீசலால் நடைபெறுகின்றன. டீசலின் மூலப்பொருளாகிய கச்சா எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாக அந்நிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. ஈராக்கிலும், ருஷ்யாவிலும், சவுதி அரேபியாவிலும் நிகழும் காரியங்கள் கீழ்பென்னாத்தூரில் ஓர் ஏக்கர் உழவுக்கூலியை ஏற்றவும் இறக்கவும் வல்லவையாகிவிட்டன.

விலை ஏறும்பொழுது உழவுக்கூலியும் உடனே ஏறுகிறது. விலை இறங்கும்பொழுது கூலி அவ்வாறு இறங்குவதில்லை. உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்ததாகப் பத்திரிகையில் படிக்கும் குடியானவர், அந்த மலிவு தம் ஊர் எண்ணெய் நிலையத்திற்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்பது நியாயமே. அதற்கு விடை வேண்டுமாயின், ஒரு லிட்டர் டீசலின் விலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தல் அவசியம்.

ஒரு லிட்டரின் கணக்கு

2025-ஆம் வருஷம் ஏப்ரல் 8-ந் தேதிக்குப் பிறகு சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய் 40 காசு அளவில் விற்றது. மற்ற ஊர்களில் வண்டிக்கூலியை ஒட்டிச் சிறிது வித்தியாசம் உண்டு. சென்னை விலையின் பிரிவு ஏறத்தாழ வருமாறு:

மத்திய சர்க்காரின் கலால் தீர்வை: ரூ. 17.80

தமிழ்நாடு சர்க்காரின் விற்பனை வரி: சுமார் ரூ. 17.50

எண்ணெய் நிலையக்காரரின் கமிஷன்: சுமார் ரூ. 3

கச்சா எண்ணெய், கப்பற்கூலி, சுத்திகரிப்பு, வண்டிக்கூலி, கம்பெனியின் லாபம் எல்லாம் சேர்ந்து: சுமார் ரூ. 54

இரண்டு சர்க்கார்களின் வரியும் சேர்ந்தால் 35 ரூபாய் 30 காசு ஆகிறது. அதாவது, குடியானவர் கொடுக்கும் 100 ரூபாயில் 38 ரூபாய் வரியாகும். கடைசி வரியிலுள்ள 54 ரூபாயில் கச்சா எண்ணெயின் பங்கு எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். 2025 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய் 65 டாலரை ஒட்டியிருந்தது. டாலருக்கு 85 ரூபாய் வீதம் பார்த்தால் கச்சா எண்ணெய் லிட்டர் சுமார் 35 ரூபாய் ஆகிறது. ஆக, அம்மாதங்களில் பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயின் விலையும், அதன்மேல் விழுந்த வரியும் ஏறக்குறையச் சரிசமமாக நின்றன.

கம்பெனிகளின் லாபமும் நஷ்டமும்

இந்நாட்டில் டீசல் விற்பனையிற் பெரும்பகுதி இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்னும் மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. பழைய பர்மா ஷெல் கம்பெனியை 1976-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டதன் விளைவு பாரத் பெட்ரோலியம். எஸ்ஸோ கம்பெனியை 1974-ல் எடுத்துக்கொண்டு அமைத்தது இந்துஸ்தான் பெட்ரோலியம். மூன்றிலும் பெரும்பங்கு நேராகவோ வேறொரு சர்க்கார் கம்பெனியின் மூலமாகவோ மத்திய சர்க்காருடையது. ஆதலால், கம்பெனிக்கு லாபம் வந்தால் அதில் ஒரு பகுதி டிவிடெண்டாகச் சர்க்கார் பொக்கிஷத்திற்கே போய்ச் சேர்கிறது.

முன்பு டீசல் விலையைச் சர்க்காரே நிர்ணயித்து வந்தது. உலக விலைக்குக் குறைவாக விற்றதனால் ஏற்பட்ட வித்தியாசம் 2012-13-ல் டீசலுக்கு மட்டும் 92,061 கோடி ரூபாய். அதனைச் சர்க்காரும் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகளும் பெரும்பாலும் ஈடுசெய்தன. அதாவது, அக்காலத்தில் டீசலுக்கு மானியம் இருந்தது. 2013 ஜனவரி முதல் மாதந்தோறும் சில காசுகள் வீதம் விலையை உயர்த்தி, 2014 அக்டோபரில் சர்க்கார் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2017 ஜூன் 16 முதல் உலக விலையை ஒட்டித் தினந்தோறும் விலை மாறும் ஏற்பாடு வந்தது. உலகத்தில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் தத்துவம்.

நடைமுறை வேறு விதமாயிற்று. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு கச்சா எண்ணெய் ஏறிக்கொண்டே போயிற்று. அவ்வருஷம் ஜூன் மாதச் சராசரி பீப்பாய் 116 டாலர். ஆயினும், ஏப்ரல் 6-க்குப் பின் கம்பெனிகள் சில்லறை விலையை உயர்த்தாமல் நிறுத்தி வைத்தன. அதன் பயனாக 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள மூன்று மாதத்தில் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 18,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டமடைந்தன. அந்தக் காலாண்டில் குடியானவர் உலக விலையைவிடக் குறைந்த விலைக்கு டீசல் வாங்கினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு கச்சா எண்ணெய் இறங்கிற்று. 2022-23-ல் சராசரி 93 டாலராக இருந்தது, 2023-24-ல் 82 டாலர் சொச்சமாகவும், 2024-25-ல் 78 டாலர் சொச்சமாகவும் குறைந்தது. ருஷ்ய எண்ணெய் தள்ளுபடி விலைக்கும் கிடைத்தது. ஆனால், ஏறும்பொழுது நிறுத்தி வைத்த விலையை இறங்கும்பொழுதும் நிறுத்தியே வைத்தார்கள். 2023-24-ல் மூன்று கம்பெனிகளின் நிகர லாபம் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய். இந்தியன் ஆயிலின் லாபம் மட்டும் 39,619 கோடி. முந்திய வருஷத்து நஷ்டம் ஈடாகி, அதற்கு மேலும் பெருந்தொகை நின்றது. 2024 மார்ச்சு 15-ல் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள். 2024-25-ல் மூவரின் லாபமும் சேர்ந்து சுமார் 33,600 கோடியாகக் குறைந்தது.

கம்பெனிகளின் பக்கத்திலும் ஒரு சமாதானம் உண்டு. சமையல் எரிவாயு உருளையை அடக்க விலைக்குக் குறைவாக விற்கும்படி நேர்ந்ததனால் அவர்களுக்குப் பெருநஷ்டம் உண்டாயிற்று. அதனை ஈடுசெய்ய 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 30,000 கோடி ரூபாய் அனுமதித்தது. குடியானவர் வீட்டு அடுப்புக்குக் கிடைத்த சலுகையில் ஒரு பங்கு, அவருடைய டிராக்டர் டீசலின் லாபத்திலிருந்தே வந்தது என்று இதனைக் கொள்ளலாம். ஒரு பையிலிருந்து எடுத்து மற்றொரு பையில் போட்டாலும், எந்தப் பையில் எவ்வளவு என்று தெரிந்திருப்பது நலம்.

வரியின் கதை

எண்ணெய்க்கு வரி புதிதன்று. முதல் உலக யுத்த காலத்தில், 1917-ல், மோட்டார் ஸ்பிரிட்டின் மீது இந்திய சர்க்கார் தீர்வை விதித்தது. மாகாணங்களுக்குச் சுயாட்சி வந்த பின், 1938-ல் மத்திய மாகாணச் சட்டசபை மோட்டார் ஸ்பிரிட்டுக்கும் மசகு எண்ணெய்க்கும் விற்பனை வரி போட்டது. எண்ணெயின் மீது வரி விதிக்கும் அதிகாரம் தன்னுடையதே என்று மத்திய சர்க்கார் வாதித்தது. வழக்கு பெடரல் கோர்ட்டுக்குச் சென்றது. உற்பத்தியின் மீது தீர்வை மத்திய சர்க்காருக்கு, விற்பனையின் மீது வரி மாகாணத்திற்கு என்று தீர்ப்பாயிற்று. 1939-ல் சென்னை மாகாணமும் மோட்டார் ஸ்பிரிட் விற்பனை வரிச் சட்டம் இயற்றியது. அன்று ஏற்பட்ட இரட்டை வரியே இன்றளவும் ஒரே லிட்டரின் மீது இரண்டு கைகளாக நீண்டிருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபொழுதும் டீசலும் பெட்ரோலும் அதற்குப் புறம்பாகவே விடப்பட்டன.

வரி உயர்ந்த காலங்களைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். 2013-14-ல் 105 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 2015-16-ல் 46 டாலருக்கு இறங்கிற்று. அந்த இறக்கத்தின்போது, 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் ஒன்பது முறை கலால் தீர்வை உயர்ந்தது. டீசலுக்கு உயர்ந்த மொத்தம் லிட்டருக்கு 13 ரூபாய் 47 காசு. மறுபடியும் 2020 ஏப்ரலில், கொரோனா நோய்க் காலத்தில், கச்சா எண்ணெய் 20 டாலருக்கு விழுந்தது. அடுத்த மாதமே மத்திய சர்க்கார் டீசலுக்கு 13 ரூபாய் கூட்டிற்று. தீர்வை 31 ரூபாய் 83 காசாயிற்று. அதே மே மாதத்தில் தமிழ்நாடு சர்க்காரும் தன் வரியைத் திருத்தி, டீசலுக்கு 100-க்கு 11 வீதமும், அதன்மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று விதித்தது. இந்த 9 ரூபாய் 62 காசு நிலையான தொகை. எண்ணெய் எவ்வளவு மலிந்தாலும் இது குறைவதில்லை.

பிறகு எண்ணெய் ஏறியபொழுது மத்திய சர்க்கார் 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்தது. தீர்வை 15 ரூபாய் 80 காசாயிற்று. எண்ணெய் மறுபடி மலியத் தொடங்கிய 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டியதில் 17 ரூபாய் 80 காசாயிற்று. இவ்வாறு, உலக விலை இறங்கும்போதெல்லாம் இறக்கத்தின் பெரும்பகுதி வழியிலேயே வரியாகவோ லாபமாகவோ நின்றுவிடுகிறது. மேட்டு மடைக்காரர் வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரர் வயலுக்கு ஈரம் மட்டும் வருவதுபோல் இது நிகழ்கிறது.

இந்தத் தீர்வையால் 2014-15-ல் மத்திய சர்க்காருக்குக் கிடைத்தது 99,068 கோடி ரூபாய். 2020-21-ல் கிடைத்தது 3,72,970 கோடி. இந்திய இராஜ்யங்கள் யாவும் சேர்ந்து எண்ணெய் விற்பனை வரியால் பெற்றது அவ்விரு வருஷங்களில் முறையே 1,37,157 கோடியும் 2,02,937 கோடியும் ஆகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்க விஷயம் இன்னொன்றுண்டு. 17 ரூபாய் 80 காசு தீர்வையில் அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 80 காசே. எஞ்சிய 16 ரூபாய், விசேஷத் தீர்வை 10, சாலை செஸ் 2, விவசாய உள்கட்டமைப்பு வளர்ச்சி செஸ் 4 என்று பிரிகிறது. இராஜ்யங்களோடு பங்கிடப்படுவது அடிப்படைத் தீர்வை மட்டுமே. 2021 முதல் 2026 வரையில் வழங்கிய நிதிக் கமிஷன் வீதப்படி, அந்த 1 ரூபாய் 80 காசில் 100-க்கு 41 பங்கு, அதாவது சுமார் 74 காசு, எல்லா இராஜ்யங்களுக்கும் சேர்ந்து போயிற்று. அதில் தமிழ்நாட்டின் பங்கு 100-க்கு 4-க்குச் சற்று மேல். அஃதாவது லிட்டருக்கு 3 காசு. இராஜ்ய சர்க்கார் தன் விற்பனை வரியைக் குறைக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று ஏக்கர் கணக்கு

பெரிய தொகைகள் கோடிகளில் நிற்கட்டும். கிணற்றுப் பாசனமுள்ள மூன்று ஏக்கரில் வருஷத்திற்கு இரு போகம் நெல் வைக்கும் ஒரு குடியானவருடைய கணக்கைப் பார்க்கலாம்.

நடுத்தர டிராக்டர் ஒன்று வேலை செய்யும்போது மணிக்கு 4 முதல் 6 லிட்டர் டீசல் குடிக்கும். முதல் உழவு, மறு உழவு, சேடை, பரம்பு எல்லாவற்றிற்கும் ஏக்கருக்கு 4 மணி நேரம் என்று கொண்டால் 20 லிட்டர் ஆகிறது. அறுவடை இயந்திரத்திற்கும், நெல்லை வீட்டுக்கோ கொள்முதல் நிலையத்திற்கோ ஏற்றிச் செல்வதற்கும் 10 லிட்டர் சேர்க்கலாம். ஆக ஏக்கருக்கு ஒரு போகத்தில் 30 லிட்டர். மூன்று ஏக்கருக்கு இரு போகத்தில் 180 லிட்டர்.

180 லிட்டரின் விலை, ரூ. 92.40 வீதம்: ரூ. 16,632

அதில் இரு சர்க்கார்களின் வரி, ரூ. 35.30 வீதம்: ரூ. 6,354

அந்த வரியில் விவசாய உள்கட்டமைப்பு செஸ் மட்டும், ரூ. 4 வீதம்: ரூ. 720

இவர் டிராக்டர் சொந்தமாக வைத்திருக்கவில்லை. வாடகைக்கே உழுகிறார் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது. வாடகைக்குள்ளே டீசலும், டீசலுக்குள்ளே வரியும் அடங்கியிருக்கின்றன. ரசீதில் வராததனால் கண்ணுக்குத் தெரிவதில்லை; அவ்வளவே.

பிரதம மந்திரியின் கிஸான் திட்டப்படி நிலமுள்ள குடியானவர் குடும்பத்திற்கு 2019 முதல் வருஷத்திற்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாகப் பாங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு வந்திருக்கிறது. மூன்று ஏக்கர்க்காரர் டீசல் மூலம் செலுத்தும் வரி அதைவிட 354 ரூபாய் அதிகம். தவணை வந்த செய்தி கைப்பேசிக்கு வருகிறது. வரி போன செய்தி வருவதில்லை.

வியாபாரி டீசல் விலை ஏறினால் சரக்கின் விலையில் ஏற்றிக்கொள்வார். லாரிக்காரர் வாடகையில் ஏற்றிக்கொள்வார். குடியானவரோ தம் நெல்லுக்கும் மணிலாவுக்கும் விலை கூறுகிறவர் அல்லர். பிறர் கூறிய விலைக்கு விற்கிறவர். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை நிர்ணயிக்கையில் எரிபொருட் செலவும் கணக்கில் சேர்கிறது என்பது உண்மையே. ஆயினும், அந்த விலை வருஷத்திற்கு ஒருமுறை நிர்ணயமாவது. டீசல் விலையோ இடையில் எப்பொழுது வேண்டுமானாலும் மாறக்கூடியது.

வரியாகப் போனது திரும்பி வரும் வழிகள்

இக்கணக்கை ஒரு பக்கமாகவே பார்த்தல் கூடாது. சர்க்கார் கொடுப்பனவும் உண்டு. தமிழ்நாட்டில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பாறை உடைத்து ஆழப்படுத்திய கிணறுகளிலிருந்து நீர் இறைப்பவர்களுக்கு இது பேருதவி. அதற்காகும் தொகையை இராஜ்ய சர்க்கார் மின்சார வாரியத்திற்குச் செலுத்துகிறது. எரிவாயுவைக் கொண்டு செய்யப்படும் யூரியாவும் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குப் பல வருஷங்களாக விற்கப்பட்டு வந்திருக்கிறது. அடக்க விலையின் பெரும்பகுதி மானியமே.

ஆனால், இந்தச் சலுகைகள் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. மின் இணைப்புப் பெற்றவர் இலவசமாக இறைக்க, இணைப்புக்கு மனுச் செய்து காத்திருப்பவர் ஆயில் எஞ்சின் வைத்து, வரி செலுத்திய டீசலால் இறைக்கிறார். 2021-ல் ஒரே திட்டமாக ஒரு லட்சம் புது இணைப்புகள் கொடுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே காத்திருந்தோர் தொகையை ஊகிக்கலாம். மானாவாரியாக மணிலா போடுகிறவருக்கோ கிணறே இல்லை; ஆகையால் இலவச மின்சாரத்தால் பயனில்லை; உழவு டீசல் வரி மட்டும் உண்டு. மானியம் போய்ச் சேருமிடமும் வரி எடுக்கப்படுமிடமும் வெவ்வேறாக இருக்கின்றன என்பதே இதிலுள்ள குறை.

மற்ற இடங்களில் செய்திருப்பது

இக்குறைக்கு மாற்று இல்லாமலில்லை. தமிழ்நாட்டிலேயே கடற்கரை மீனவர்களுக்கு விற்பனை வரி நீக்கிய டீசல் வழங்கும் முறை ஏற்பட்டிருக்கிறது. விசைப்படகு ஒன்றுக்கு வருஷத்திற்கு 18,000 லிட்டர் என்றிருந்த அளவை 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்பதை 4,400 லிட்டராகவும் உயர்த்துவதாக 2023-ல் அறிவிக்கப்பட்டது. படகு பதிவாகியிருப்பதனால் அளவு வைத்து வழங்க முடிகிறது.

கர்நாடகத்தில் 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் ‘ரைத சக்தி’ என்ற பெயரால் ஏக்கருக்கு 250 ரூபாய் வீதம், ஐந்து ஏக்கருக்கு மேற்படாமல், டீசல் செலவுக்காகக் குடியானவர் கணக்கில் நேராகச் செலுத்த ஏற்பாடு செய்தார்கள். பீகாரில் மழை பொய்த்த வருஷங்களில் நீர் இறைக்கும் டீசலுக்கு லிட்டர் கணக்கில் மானியம் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் விவசாயத்திற்கு விற்கும் டீசலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, தீர்வையைக் குறைத்து விற்கிறார்கள். சாயமேறிய டீசலைச் சாலையில் ஓடும் லாரியில் ஊற்றினால் குற்றம்.

தமிழ்நாட்டு நிலைமைக்கு இவற்றில் எது பொருந்தும் என்பது யோசிக்கத்தக்கது. டிராக்டர் உழவும் உழும், செங்கலும் ஏற்றும். ஆகவே லிட்டருக்கு வரி நீக்கினால் சலுகை நிலத்துக்கு வராமல் வேறிடம் ஒழுகக்கூடும். சாயமேற்றிய டீசலுக்குத் தனித் தொட்டிகளும் தனிக் காவலும் வேண்டும். ஏக்கர் கணக்கில் பணமாகத் திருப்பிக் கொடுப்பதில் இத்தொல்லை குறைவு. மேற்கண்ட மூன்று ஏக்கர்க்காரருக்கு இராஜ்ய விற்பனை வரி மட்டும் திரும்பி வந்தாலும் வருஷத்திற்கு 3,150 ரூபாய் ஆகும்; விவசாயத்தின் பெயராலேயே வசூலாகும் செஸ் திரும்பினால் 720 ரூபாய். வாடகைக்கு உழுகிறவருக்கும் இம்முறையில் பயன் உண்டு.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு

ஏக்கர் கணக்கில் எந்தச் சலுகை வந்தாலும் அதற்கு ஆதாரம் அடங்கல். எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கரில், எந்தப் போகத்தில், என்ன பயிர் என்பது நிலத்தைப் பார்த்து எழுதப்பட வேண்டும். சென்ற வருஷப் பதிவைப் பார்த்து இவ்வருஷப் பதிவை எழுதினால், மணிலா போட்டவர் நெற்கணக்கிலும், தரிசு போட்டவர் பயிர்க்கணக்கிலும் விழுவார்கள். பட்டா தகப்பனார் பெயரில் நின்றுபோய், உழுகிறவர் மகனாக இருக்கும் இடங்களில் வாரிசுப்படி பெயர் மாற்றம் செய்துகொள்ளும்படி குடியானவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். சிறு விவசாயி சான்றிதழைக் காலத்தில் வழங்குதலும் அவசியம். கணக்கில் இல்லாத நிலத்துக்குச் சலுகை வராது.

குடியானவர் கையில் உள்ளது

உலக விலையும் வரியும் குடியானவர் கையில் இல்லை. லிட்டரின் எண்ணிக்கை ஓரளவு அவர் கையில் இருக்கிறது. 180 லிட்டரில் பத்தில் ஒரு பங்கு மிச்சப்பட்டாலும் 18 லிட்டர், அதாவது 1,660 ரூபாய்க்குமேல் மிச்சம். அதற்கான வழிகள் வருமாறு:

1. பதமறிந்து உழுதல் வேண்டும். காய்ந்து இறுகிய நிலத்தை உழுவது எஞ்சினுக்கும் டீசலுக்கும் வீண் சேதம். கோடை மழை ஈரத்தில் ஓர் உழவு போட்டு வைத்தால் பருவ உழவு எளிதாகும்.

2. காற்று வடிகட்டியும் டீசல் வடிகட்டியும் குறித்த காலத்தில் சுத்தம் செய்யப்படவேண்டும். கரும்புகை விடும் எஞ்சின் டீசலை முழுதும் எரிக்காமல் வெளியே தள்ளுகிறது என்று அறிக.

3. சக்கரம் சுழன்று வண்டி நகராவிட்டால் டீசல் வீணாகிறது. சேற்றில் இரும்புச் சக்கரமும், புழுதியில் சரியான காற்றழுத்தமும் வேண்டும். மொட்டையான டயரால் உழலாகாது.

4. நிலத்தின் நீளவாட்டில் உழுதால் திருப்பம் குறையும். அண்டை வயல்காரர்கள் பேசிவைத்து ஒரே நாளில் உழுவித்தால் டிராக்டர் ஊருக்கும் வயலுக்கும் வீணாக ஓடாது.

5. டீசல் குழாயில் ஒழுக்கு இருந்தால் உடனே அடைக்க வேண்டும். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஓயாமல் ஒழுகினால் வருஷத்தில் 1,500 லிட்டருக்குக் குறையாமல் போய்விடும்.

6. ஆயில் எஞ்சின் வைத்து இறைப்பவர்கள், குழாயில் வளைவுகளைக் குறைத்து, குறுகிய குழாய்க்குப் பதில் தகுந்த அகலமுள்ள குழாய் போட்டு, ஒழுகாத ஃபுட் வால்வு வைத்தல் நலம். பம்பு நீர்மட்டத்திற்கு அருகில் இருப்பது சிறந்தது.

7. கேனில் டீசல் வாங்குகிறவர்கள் அளவில் ஐயமிருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலத்தால் அளந்து காட்டும்படி கேட்கலாம். அக்கலம் எண்ணெய் நிலையத்தில் இருந்தே தீரவேண்டும் என்பது விதி.

8. மின் இணைப்பு இல்லாதவர்கள் சூரிய சக்திப் பம்புசெட்டைப் பற்றி விசாரிக்கலாம். 2019-ல் ஏற்பட்ட பி.எம். குஸும் திட்டப்படி மத்திய சர்க்கார் 100-க்கு 30 பங்கும், இராஜ்ய சர்க்கார் 30 பங்குக்குக் குறையாமலும் மானியமாகக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வெயில் இவ்வூரில் பஞ்சமில்லாத சரக்கு; அதற்கு வரியும் இல்லை. நிபந்தனைகளை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிக.

டிராக்டர் வாடகைக்கு விடுகிற மிராசுதாரர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. டீசல் ஏறியபொழுது வாடகையை ஏற்றியது நியாயமாயின், இறங்கியபொழுது இறக்குவதும் நியாயமே. கம்பெனிகளும் சர்க்கார்களும் மலிவை வழியில் நிறுத்திக்கொள்கின்றன என்று குறை கூறுகிறவர்கள், தம் வாசலில் அதே காரியத்தைச் செய்தல் அழகன்று.

குடியானவர்கள் டீசல் வாங்கிய ரசீதுகளையும், உழவுக்கூலி கொடுத்த விவரத்தையும் ஒரு நோட்டில் போகத்துக்குப் போகம் எழுதி வருவார்களாக. இவ்வளவு ஏக்கர், இவ்வளவு லிட்டர், இவ்வளவு வரி என்று காட்ட முடிந்தால், ஜில்லா கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வாயால் சொல்லும் குறை கணக்கோடு கூடிய மனுவாகும். மீனவர்கள் தங்கள் படகின் டீசலுக்குப் பெற்ற நியாயத்தைக் குடியானவர்கள் தங்கள் ஏருக்குக் கேட்பதில் தவறொன்றுமில்லை.